இசை ஓடைச் சேவைகளின் ஒப்பீடு

இசை ஓடைச் சேவை என்பது பாடல்களை விற்காமல், சந்தா அல்லது விளம்பர வருவாயின் அடிப்படையில் இணையம் வழியே கேட்கத் தரும் சேவை ஆகும். சுவீடனில் 2006ல் நிறுவப்பட்ட ஸ்பாட்டிஃபை, 2015ல் வெளிவந்த ஆப்பிள் மியூசிக், இந்தியாவின் ஜியோசாவன் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் மொத்தப் பாடல் எண்ணிக்கையையே முதலில் நோக்குகின்றனர். அது அவ்வளவாகப் பயன் தராத அளவீடு. ஒவ்வொரு பாடலும் உரிமையாளருடனான ஒப்பந்தத்தின் பேரிலேயே கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபை 2019ல் இந்தியாவில் தொடங்கப்பட்டபோது சரிகம நிறுவனம் வழக்குத் தொடுத்ததால் அதன் பாடல்கள் நீக்கப்பட்டன. 2020ல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவை மீண்டும் இடம்பெற்றன. எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் வெளிவந்த பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பல சரிகமவுக்குரியவை. எனவே, ஒருவர் தாம் வழக்கமாகக் கேட்கும் இருபது பாடல்களைத் தேடிப் பார்ப்பதே நல்ல சோதனை.

ஒலித்தரம் பிட்டு வீதத்தால் குறிக்கப்படும். நொடிக்கு 320 கிலோபிட்டு வீதத்தில் ஐந்து நிமிடப் பாடலொன்று 12 மெகாபைட்டு தரவைச் செலவழிக்கும். 96 கிலோபிட்டு எனில் 3.6 மெகாபைட்டு போதும். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பற்ற ஒலியைக் கூடுதல் கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் புளூடூத் கேட்பொறிகள் பெரும்பாலும் ஒலியை மீண்டும் இழப்புடன் சுருக்கியே பெறுகின்றன. அவற்றை மட்டும் பயன்படுத்துவோர் இதற்காகச் சேவை மாற வேண்டியதில்லை.

பதிவிறக்கிய பாடல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. சந்தா முடிந்தால் ஒலிக்கமாட்டா. சேவையே நின்றுபோவதும் உண்டு: ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024ல் மூடப்பட்டது. ஆகையால் பாடல் பட்டியலை வேறு சேவைக்கு மாற்ற இயலுமா என்பதைச் சந்தா செலுத்துமுன் அறிந்துகொள்ளுதல் நன்று.