உல்லாசபுரியில் உத்தியோகம்

உத்தியோகம் பார்க்க ஓர் இடம், இளைப்பாற ஓர் இடம், களித்திருக்க ஓர் இடம் என்று மூன்றையும் நம் முன்னோர் தனித்தனியே வைத்திருந்தனர். அலுவலகத்தில் கோப்பு, இல்லத்தில் ஓய்வு, கோயில் திருவிழாவில் ராட்டினமும் பொரிகடலையும். இக்காலத்திலோ மூன்றும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கேளிக்கைப் பூங்காவை அடுத்த உல்லாச விடுதியில் அறை எடுத்து, பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து அலுவல் பார்ப்பது இன்று பலருக்கும் வழக்கமாகி வருகிறது. இவ்வழக்கம் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்மை பயக்குமா, அன்றிப் புதியதொரு சுமையாகுமா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி அயலானதன்று. 1990ஆம் ஆண்டில் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் நிறுவப்பெற்றது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் நம் இளைஞர்களும் இளம் பெண்களும் அங்கே பணிக்கு வந்தனர், மணம் புரிந்தனர், பிள்ளைகளைப் பெற்று இந்நகரத்தாராயினர். அதே கழக்கூட்டத்தில் 2014ஆம் ஆண்டில் மாஜிக் பிளானட் என்னும் மாயாஜாலப் பூங்கா திறக்கப்பட்டது. வெம்பாயத்தில் ஹாப்பிலாந்து என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா உண்டு. தெற்கே சென்றால் கோவளம். ஆக, தொழிலுக்கும் பூங்கா, கேளிக்கைக்கும் பூங்கா என்று இரண்டும் நம் நகரத்தில் அருகருகே அமைந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுவதில் வியப்பில்லை.

சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிகம் செய்த நம் பெரியவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்க முடியாது. கடையைத் தூக்கிக்கொண்டு கோவளம் போக இயலுமோ? தராசும் மூட்டையும் இருக்கும் இடத்தில்தான் வணிகரும் இருந்தாக வேண்டும். கணினித் தொழில் வந்த பிறகே வேலை ஆளைத் தேடி வரலாயிற்று. அமெரிக்க விண்வெளித் திட்டங்களில் பணியாற்றிய ஜாக் நில்ஸ் என்னும் பொறியாளர் 1973ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு ஒரு பெயரே இட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாகன நெரிசலில் மக்கள் அன்றாடம் படும் பாட்டைக் கண்டவர் அவர். ஊழியரை வேலை இருக்கும் இடத்துக்கு இழுப்பதைவிட, வேலையை ஊழியர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது மேல் என்பது அவர் கொள்கை.

அதே 1973ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 17ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்ஸன் செய்தி ஆசிரியர்களைச் சந்தித்துத் தம் மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு விடை கூறினார். அவர் அதைச் செய்த இடம் எது தெரியுமா? ஃபுளோரிடாவில் டிஸ்னி உலகத்தைச் சேர்ந்த ஓர் உல்லாச விடுதி! வால்ட் டிஸ்னியும், 1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தம் முதற் பூங்காவைத் திறந்தபோது, அங்குள்ள தீயணைப்பு நிலையக் கட்டடத்தின் மாடியில் தமக்கென ஒரு சிறு இல்லம் அமைத்துக்கொண்டார். அவருக்குப் பூங்காவே தொழில். ஆதலால் பூங்காவில் தங்கித் தொழில் பார்த்ததில் முரண்பாடு ஏதுமில்லை. நமக்கோ தொழில் வேறு, பூங்கா வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டன, சமையலறை மேசையே அலுவலகமாயிற்று. அதற்கு முன்பே ஜப்பானில் வேலையையும் விடுமுறையையும் இணைக்கும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் டோக்கியோவை அடுத்த யோமியுரிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா ஒருபடி மேலே சென்றது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் மேசை நாற்காலி இட்டு, இராட்சத ராட்டினத்தின் கூண்டுக்குள்ளும் இணைய வசதி தந்து, அங்கே அமர்ந்து அலுவல் பார்க்கச் சீட்டு விற்றது. நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டில் இரயில்வே துறையைச் சார்ந்த ஐ.ஆர்.சி.டி.சி. கழகம் கேரளத்துக்கென இத்தகைய திட்டத்தை அறிவித்தது. மூணாறு, தேக்கடி, குமரகம், வயநாடு முதலியவற்றோடு நம் கோவளமும் அதில் இடம் பெற்றது. ஐந்து இரவு, ஆறு பகல். தங்கும் அறை, உணவு, இணையம் யாவும் சேர்த்தே ஏற்பாடு.

கோவளத்துக்கு இது ஒரு புதிய வேடம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் ஓய்வு கொள்வதற்கென்றே 1932ஆம் ஆண்டில் அங்கே ஹால்சியன் மாளிகை எழுந்தது. பின்னர், 1970களின் தொடக்கத்தில், சார்லஸ் கொரியா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கடலை நோக்கிய சரிவில் அடுக்கடுக்காக ஒரு ஹோட்டலை வடிவமைத்தார். எந்த அறையில் இருந்தாலும் கடல் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று அக்கடற்கரைக்கு வருவோரில் சிலர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

நம்மவர் இதை நாடக் காரணம் யாது?

ஆடம்பர மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; ஆனால் அது முழு உண்மையாகாது. புலம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு விடுப்பு நாள் என்பது அரிசி போன்றது. அளந்து அளந்துதான் செலவிட வேண்டும். பொங்கலுக்குத் தமிழகத்தை ஒட்டிய மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. அது ஒரே நாள். ஊருக்குப் போய்ப் பொங்கலிட்டு, மாட்டுப் பொங்கலும் கண்டு திரும்ப அது எம்மாத்திரம்? தீபாவளிக்கு இரண்டு நாள், குலதெய்வக் கோயில் கொடைக்கு இரண்டு நாள், தங்கை திருமணத்துக்கு மூன்று நாள், பெரியப்பாவின் கருமாதிக்கு ஒரு நாள் என்று விடுப்புக் கரைந்துவிடுகிறது. ஏப்ரல், மே திங்களில் பள்ளி மூடும்போது பெற்றோரின் கையிருப்பில் ஒரு நாளும் எஞ்சுவதில்லை. “எங்களை எங்கே அழைத்துப் போகிறீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்கும்போது, “விடுப்பு எடுக்காமலே போகலாம்” என்னும் வழி தேவாமிர்தமாகத் தோன்றுகிறது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்கு நான்கு சுவரைவிட்டு வெளியே ஓர் உலகம் கிடைக்கிறது. குடும்பத் தலைவிக்கும் அலுவலகப் பணி இருக்குமாயின், வீட்டிலிருந்து பணி செய்யும் நாளில் அவள் அடுப்புக்கும் கணினிக்கும் இடையே அலைகிறாள். விடுதியில் அடுப்பு இல்லை. பாத்திரம் துலக்கும் வேலை இல்லை. இந்த ஒரு நன்மைக்காகவே அதைப் போற்றலாம்.

ஆனால் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேளிக்கைப் பூங்காக்கள் பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிக்குத் திறந்து மாலையில் மூடுபவை. உள்ளூர் நேரப்படி பணி செய்பவருக்குப் பூங்கா திறந்திருக்கும் நேரமெல்லாம் அலுவலக நேரமே. அமெரிக்காவுக்குப் பணி செய்வோர், “எங்களுக்குப் பகல் முழுதும் ஓய்வுதானே” என்பர். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. பூங்கா மூடும் வேளையில் பணி தொடங்குகிறது. முடியும்போது நள்ளிரவு கடந்து 2.30 ஆகிவிடும். விடிந்ததும் பிள்ளைகள் எழுப்புவர். பகலெல்லாம் வெயிலில் வரிசையில் நின்றவர் இரவெல்லாம் விழித்திருந்தால், உறக்கம் எந்நேரத்தில்? ஐந்து நாள் உல்லாசம் முடிந்து வீடு திரும்புபவர் நோயாளியாகத்தான் திரும்புவார்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தண்ணீர்ச் சறுக்கலில் முதன்முறையாக அச்சம் நீங்கி இறங்கிய சிறுவன், அப்பா பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கிறான். அப்பா கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து யாருக்கோ விளக்கம் கூறிக்கொண்டிருக்கிறார். அவர் உடன் வந்திருக்கிறார். ஆயினும் உடன் இல்லை. அலுவலகத்திலேயே அவர் இருந்திருந்தால் அப்பிள்ளை ஏங்கியிருக்க மாட்டான். மேலதிகாரிக்கும் அரை மனம், பிள்ளைக்கும் அரை மனம் என்று ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்பவருக்கு இரண்டிடத்தும் நற்பெயர் இல்லை.

பிற நாடுகள் இத்தீங்கை உணர்ந்து எல்லை வகுக்கத் தலைப்பட்டுள்ளன. பணி நேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் நாடு 2017ஆம் ஆண்டிலும் ஆஸ்திரேலியா 2024ஆம் ஆண்டிலும் சட்டத்தின் மூலம் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் மக்களவையில் 2018ஆம் ஆண்டின் இறுதியில் தனி உறுப்பினர் மசோதா ஒன்று இதன்பொருட்டு வந்தது, அது சட்டமாகவில்லை. ஆதலின் எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியவராக இருக்கிறோம்.

செய்யத் தக்கவை

செல்வதாக முடிவு செய்த குடும்பத்தார்க்குச் சில யோசனைகள் கூறுவோம்.

முதலாவது, பூங்காவுக்குச் செல்லும் நாள் வேறு, பணி செய்யும் நாள் வேறு என்று பிரித்துக்கொள்க. ஒரு நாளாவது முழு விடுப்பு எடுத்து, கணினியை வீட்டிலேயே பூட்டி வைத்த மனத்தோடு பிள்ளைகளுடன் இருங்கள். சனி, ஞாயிறுகளில் பூங்காவில் கூட்டம் மிகுதி. வார நாளில் எடுக்கும் ஒரு நாள் விடுப்பு, வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, அலுவலகத்தின் இசைவை எழுத்தில் பெறுக. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இயங்கும் நிறுவனங்களுக்கு, வெளியிலிருந்து பணி செய்வது பற்றி மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூலையில் தனி விதியே வகுத்தது. எங்கிருந்து பணி செய்கிறோம் என்பது வெறும் சொந்த விஷயம் அன்று.

மூன்றாவது, அறை எடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க: அறையில் முறையான மேசையும் நாற்காலியும் உண்டா? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? அறைக்குள் இணையம் தடையின்றி வருமா? பூங்காவின் ஒலிபெருக்கி ஓசை அறைவரை கேட்குமா? விடுதியின் பொது இணையத்தில் அலுவலகக் கோப்புகளைத் திறப்பதாயின், நிறுவனம் தந்த வி.பி.என். பாதுகாப்பின்றித் திறவாதீர். கைப்பேசி இணையத்தை மாற்று வழியாக வைத்திருங்கள்.

நான்காவது, கணவன் மனைவி இருவரும் பணி செய்பவராயின், ஒரே நேரத்தில் இருவரும் திரைமுன் அமரலாகாது. நீர் விளையாட்டு உள்ள இடத்தில் சிறுவரைத் தனியே விடுவது ஆபத்து. ஊழியர் காவல் இருப்பினும் பெற்றோர் ஒருவரின் கண் அவசியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று சொல்ல விழைகிறோம். கோவளத்து விடுதிக்கு வேலையைக் கொண்டுசெல்ல முடியுமாயின், அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் கொண்டுசெல்ல முடியும் அல்லவா? 1979ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருப்புப் பாதை திறந்தபின், நாகர்கோவில் நமக்கு அடுத்த வீடு போல ஆயிற்று. அங்கே வயது முதிர்ந்த தாய் தந்தையர், ஆண்டுக்கு நான்கு நாள் வந்து போகும் பேரப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றனர். கோடையில் இரண்டு வாரம் அங்கே தங்கிப் பணி செய்தால், தாத்தா பாட்டியின் முகம் பிள்ளைகளுக்குப் பழகும். தமிழும் நாவில் பழகும். மிச்சமாகும் விடுப்பை, பூங்காவுக்குச் செல்லும் அந்த ஒரு முழு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஊரில் உள்ள பெரியவர்களும் ஒன்று செய்தாக வேண்டும். மகன் கணினிமுன் அமர்ந்தால் “தம்பி வேலையாக இருக்கிறான்” என்று கதவைச் சாத்துபவர், மருமகள் அமர்ந்தால் “ஊருக்கு வந்தும் அந்தப் பெட்டிதானா?” என்று கேட்பது முறையன்று. அவள் செய்வதும் உத்தியோகமே. சொந்த ஊர் அவளுக்கு இரட்டைச் சுமையாகுமானால், அவள் விடுதியை நாடுவதில் குறை காண நமக்கு உரிமை இல்லை. மருமகளுக்கும் ஒரு மேசை, ஓர் அமைதியான அறை, வேளைக்கு ஒரு குவளைக் காப்பி கொடுத்துப் பாருங்கள். அடுத்த கோடையில் அவளே முதலில் பெட்டி கட்டுவாள்.

வேலை எங்கும் வரக்கூடியதாகிவிட்ட காலம் இது. அதை எங்கே கொண்டுசெல்வது, எப்போது வாசலிலேயே நிறுத்திவைப்பது என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறைக்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆண்டின் விடுப்பு நாட்களைத் தாளில் எழுதிவைத்துப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கணக்கிடுங்கள். ஊருக்கு இத்தனை, விழாவுக்கு இத்தனை, பிள்ளைகளுக்கென்றே இத்தனை என்று ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நாளில் மட்டும் எவர் அழைத்தாலும் கணினியைத் திறப்பதில்லை என்று நம் இல்லங்கள் உறுதி பூணுமாக!