குற்றக் கணக்கும் குடியிருக்கும் தெருவும்

டில்லிக்கு மாற்றலாகி வருகிற தமிழர் எவரும் வீடு தேடும்போது, வாடகையை விசாரித்த கையோடு இன்னொன்றையும் விசாரிக்காமல் இரார். "இந்தப் பேட்டை எப்படி? இருட்டிய பிறகு பெண்டுபிள்ளைகள் நடமாடலாமா?" மும்பையிலும் கொல்கத்தாவிலும் கேட்கப்படுவது இதே கேள்விதான். விடை கூறுபவர் பத்திரிகையில் கண்ட ஓர் எண்ணைச் சொல்வார். அல்லது போன மாதம் அடுத்த தெருவில் பூட்டு உடைக்கப்பட்ட கதையைச் சொல்வார். கதையை நாம் எளிதில் எடைபோட்டுவிடலாம். எண்தான் ஏமாற்றும்.

இந்தியாவின் குற்றக் கணக்கு 1953ஆம் ஆண்டு முதல் தொகுக்கப்பட்டு வருகிறது. 1986இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டபின் அப்பணி அதனைச் சேர்ந்தது. ஓராண்டில் பதிவான வழக்குகளின் தொகையை எடுத்து, ஒரு லட்சம் ஜனங்களுக்கு எத்தனை என்று வகுத்தால் கிடைப்பதே குற்ற விகிதம். இங்கே 'பதிவான' என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். நடந்த திருட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கைகளே எண்ணப்படுகின்றன.

இதற்கு டில்லியே சான்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ் 2013இல் இங்கே பதிவான வழக்குகள் சுமார் 80 ஆயிரம். 2014இல் அவை ஒரு லட்சத்து 55 ஆயிரத்தைத் தாண்டின. 2015இல் ஒரு லட்சத்து 91 ஆயிரத்துக்கும் மேல். இரண்டே ஆண்டுகளில் டில்லிவாசிகள் இரு மடங்கு கெட்டுப்போனார்களா? இல்லை. பிடியாணையின்றிப் போலீஸார் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் அதனைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2015இல் வாகனத் திருட்டைக் கணினி வழியாகவே பதிவு செய்யும் வசதியும் இங்கே வந்தது. பதிவு தாராளமாயிற்று, எண் ஏறிற்று. குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கைகளில் எச்சரிக்கிறது. அந்த வரியைப் படிப்பவர்தாம் குறைவு.

வகுக்கும் எண்ணிலும் கோளாறு உண்டு. பெருநகரங்களின் விகிதத்தைக் கணக்கிட 2022ஆம் ஆண்டு அறிக்கையிலுங்கூட 2011ஆம் ஆண்டு ஜனத்தொகையே கொள்ளப்பட்டது. அதன்பின் குடியேறியவர்கள், அதாவது நம்மில் பலர், வகுக்கும் எண்ணில் இல்லை. நம் வீட்டில் நடந்த திருட்டு மட்டும் வகுபடும் எண்ணில் இருக்கிறது! மேலும், குற்றம் நடந்த இடத்தின் பெயரிலேயே வழக்கு எழுதப்படுகிறது. கரோல்பாகில் அஜ்மல்கான் சாலைக் கடைத்தெருவுக்குத் துணி வாங்க வந்தவரின் பை பறிபோனால், அது கரோல்பாகின் கணக்கு. உள்சந்துகளில் மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பங்களுக்கு அதில் பங்கில்லை.

எனவே பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவேண்டாம். சிறிய எண்ணைக் கண்டு நிம்மதி கொள்வதற்கோ நமக்கு உரிமையே இல்லை. ஏனெனில் அதைச் சிறியதாக்குவதில் நமக்கும் பங்கு உண்டு. நமது தெருவில் மூவர் சேர்ந்து குடியிருக்கும் இளைஞர்களில் ஒருவரது கைப்பேசியைப் பேருந்தில் யாரோ உருவிவிட்டார்கள். அவர் 'தொலைந்துபோயிற்று' என்று கணினியில் பதிந்து, சீட்டைக் காட்டிப் புதிய சிம் வாங்கிக்கொண்டார். திருட்டு ஒன்று கணக்கிலிருந்து மறைந்தது.

சென்ற ஆண்டு, மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பிய அண்டைவீட்டு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துச் சென்றனர். மகனோ, "விட்டுவிடு அம்மா. இரண்டு வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் யார் அலைவது?" என்றார். அம்மாளின் தயக்கம் வேறு. "ஹிந்தியில் என்ன எழுதிக்கொள்வார்களோ? தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நீங்கள் கூட வருவீர்களா?" என்று நம்மைக் கேட்டார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர் இதற்கு மறுக்க முடியுமா? போனோம்.

அந்த அச்சத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிக்கொண்டபின் சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்டவேண்டும். அதன் பிறகே கையெழுத்து. பிரதியைக் கட்டணமின்றித் தரவேண்டும். சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தது என்று பாராமல் புகாரைப் பெறவேண்டும். பெருஞ்சாலையின் இக்கரை ஒரு நிலையம், அக்கரை ஒரு நிலையம் என்றிருக்கும் நம் குடியிருப்புக்கு இது பெரிய உதவி. மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட்டால் அது பதிவாகும். பதிய மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம். சங்கிலிப் பறிப்பு இப்போது பாரதீய நியாய சம்ஹிதையின் 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கு நாடெங்கும் 112 என்ற எண்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். சங்கிலி போன அன்று மாலையே தெருவில் பேச்சு எழுந்தது: காவற்காரன் வெளிமாநிலத்தான், பாத்திரம் தேய்க்கும் பெண் புதியவள் என்று. ஒரு காலத்தில் 'மதராஸி' என்று வீடு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பேசுகிற பேச்சா இது? பிறப்பையே குற்றமாக்கிய சட்டத்தைத் தமிழ்நாட்டில் 'ரேகைச் சட்டம்' என்பார்கள். 1871இல் இயற்றப்பட்டுப் பின்னர் தெற்கேயும் பரவிய அது, சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும்தான் நீங்கிற்று. குடியிருப்போர், வேலையாட்கள் விவரத்தைப் போலீஸில் பதிவது நல்ல ஏற்பாடு. வாடகைக்கு வந்த நாமும் அந்தத் தாளை நிரப்பியவர்களே. அதற்கப்பால் முகத்தைப் பார்த்துச் சந்தேகிப்பதால் ஒரு பூட்டுக்கூடப் பலப்படுவதில்லை. பறித்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். காவற்காரரிடம் மிதிவண்டிகூடக் கிடையாது.

நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுதியதை வரிவரியாகப் படித்தார்கள். நாம் தமிழில் சொன்னோம். 'ஆறரை மணி' என்று எழுதியிருந்ததை 'ஏழரை' என்று அம்மாள் திருத்தச் சொன்னார். திருத்தினார்கள். தமிழிலேயே கையெழுத்திட்டு, பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாரம் கழித்து, அதே திருப்பத்தில் முன்பே பை பறிகொடுத்துப் பேசாமலிருந்த இன்னொரு வீட்டாரும் போய் எழுதிக் கொடுத்தனர்.

சங்கிலி இதுவரை கிடைக்கவில்லை. அந்தத் திருப்பத்தில் அணைந்து கிடந்த விளக்கு எரிகிறது. மாலை ஏழு மணிக்குமேல் ரோந்து மோட்டார் சைக்கிள் ஒன்று அங்கே நிற்கிறது; நிற்காத நாட்களும் உண்டு.