மூன்று பொருள், இரண்டு கார்டு, ஒரு பில் தேதி

தாம்பரத்தில் புது வீட்டுக்குக் குடிபோகும் தங்கைக்கு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் ஒரே மாதத்தில் தேவைப்பட்டன. ஷோரூமில் பேரம் பேசி முடித்தபோது கணக்கு 1,20,000 ரூபாயில் வந்து நின்றது. "உங்க கார்டுல அஞ்சு பர்சன்ட் கேஷ்பேக் மேடம், ஆறாயிரம் அப்படியே திரும்பி வந்துடும்" என்றார் விற்பனையாளர். தங்கை கைப்பையைத் திறந்துவிட்டாள். அங்கேயே தேய்த்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருப்பது 1,200 ரூபாய்தான்.

காரணம், அவளுடைய கார்டு ஆன்லைனில் வாங்கினால் 5 சதவீதம், கடையில் ஸ்வைப் செய்தால் 1 சதவீதம் தரும் வகை. சரி, ஆன்லைனில் கட்டினால் ஆறாயிரம் வருமா? அதுவும் வராது. ஒரு பில் சுற்றுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கேஷ்பேக் கிடையாது என்று விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. விளம்பரத்தில் சதவீதம் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். மளிகை, மின்கட்டணம் என்று சில்லறையாகச் செலவழிக்கும் மாதங்களில் உச்சவரம்பு கண்ணிலேயே படாது. பெரிய பொருள் வாங்கும்போதுதான் இடிக்கும். 2,000 ரூபாய் வரம்பு என்றால் முதல் 40,000 ரூபாய்க்குத்தான் 5 சதவீதம். மொத்தம் 1,20,000-க்கும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றே முக்கால் சதவீதம்கூடத் தேறாது.

ஆகவே பெரிய கொள்முதலில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை சதவீதம்" அல்ல, "எத்தனை ரூபாய் வரைக்கும்" என்பது.

நாங்கள் செய்தது இது. தங்கை கார்டின் பில் தேதி 18. ஏசியை மட்டும் 13-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு வாங்கினோம். கேஷ்பேக் 2,000. புதுச் சுற்று தொடங்கிய பிறகு 19-ஆம் தேதி ஃபிரிட்ஜ், 46,000 ரூபாய். வரம்பை ஒட்டி இன்னொரு 2,000. 34,000 ரூபாய் வாஷிங் மெஷினை அவள் கணவரின் கார்டில் போட்டோம்; அதில் 1.5 சதவீதம்தான், ஆனால் உச்சவரம்பு இல்லை. 510 ரூபாய். ஆக மொத்தம் 4,510. கடைக்காரருக்கு மூன்று பில் போடுவதில் அலுப்புதான். ஆனாலும் கவுன்டரில் மெஷினை நீட்டாமல் கட்டண லிங்க் அனுப்பச் சம்மதித்தார். அப்படிக் கட்டுவது அந்தக் கார்டில் ஆன்லைன் கணக்கில் சேரும். எல்லா வங்கியும் இப்படி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இறங்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

17-ஆம் தேதி வரை காத்திருக்காமல் ஏன் 13? நாம் பணம் கட்டும் நாளும் அது வங்கிக் கணக்கில் பதிவாகும் நாளும் ஒன்றல்ல. பதிவாக ஓரிரு நாள் ஆகும். 17-இல் கட்டியது 19-இல் பதிவானால் ஏசியும் ஃபிரிட்ஜும் ஒரே சுற்றில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது 2,000 போயே போச்சு. பில் தேதிக்கு மறுநாள் வாங்கியதில் இன்னொரு ஆதாயம்: அடுத்த பில் வந்து கெடு முடியும்வரை ஏறக்குறைய 48 நாள் வட்டியில்லாத அவகாசம்.

கணவர் கார்டு என்றேனே, அது அவர் பெயரில் தனியாக வாங்கிய கார்டு. மனைவியின் கணக்கில் இணைத்துத் தரும் ஆட்-ஆன் கார்டாக இருந்தால் கேஷ்பேக் வரம்பும் பொதுவாக ஒன்றேதான்.

நாம் என்ன பொருள் வாங்குகிறோம் என்பது வங்கிக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்கென்று நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்று உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு 5732, வீட்டு உபயோகப் பொருள் கடைக்கு 5722, நகைக்கடைக்கு 5944. கேஷ்பேக் உண்டா இல்லையா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. வாடகை, எரிபொருள், வாலெட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றைப் பல கார்டுகள் விலக்கி வைத்திருப்பதும் இந்த எண்களை வைத்துத்தான்.

அடுத்த தூண்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்ன? 46,000 ரூபாய் ஃபிரிட்ஜை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 16 சதவீத வட்டிக்கு எடுத்தால் மொத்த வட்டி ஏறத்தாழ 2,073 ரூபாய். அதைக் கடையோ தயாரிப்பாளரோ விலையில் கழித்துவிடுகிறார்கள். ஆனால் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, 373 ரூபாய், நம் தலையில்தான். செயல்பாட்டுக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, செலவில்லாத தவணைக்கு 608 ரூபாய் செலவு. போதாக்குறைக்கு, கேஷ்பேக் கார்டுகள் பலவும் இஎம்ஐக்குக் கேஷ்பேக் தருவதில்லை. அந்த 2,000-உம் போகும். கையில் பணம் இல்லாதவர் தவணைக்குப் போவதில் தவறில்லை. இருப்பவர் எதற்குப் போக வேண்டும்?

பண்டிகை நேரத்தில் வங்கிகள் தரும் '10 சதவீத உடனடித் தள்ளுபடி'க்கும் 1,500 ரூபாய் போன்ற வரம்பு இருக்கும். இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். பில்லிலேயே குறைந்துவிடுகிறது, மாதம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். பல கார்டுகளில் மீதித் தொகைக்குக் கேஷ்பேக்கும் கிடைக்கும்.

"கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று கடைக்காரர் சொன்னால் கார்டைப் பையில் வைத்துவிடலாம். 1.5 சதவீதம் வாங்க 2 சதவீதம் கொடுப்பது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. அதே கடையில் ஜிபேயில் கட்டினால் என்ன விலை என்று கேட்டால் சில நேரம் ஆயிரம் ரூபாய் சத்தமில்லாமல் இறங்கும். விலைக்கு முன்னால் கேஷ்பேக் சின்ன விஷயம். 2025 செப்டம்பர் 22-இல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானபோது, வரியோடு 128 ரூபாயாக இருந்தது 118 ஆனது. ஏறத்தாழ 7.8 சதவீதம், கார்டே இல்லாமல்.

இத்தனை கணக்கும் பில்லை முழுதாகக் கட்டுபவருக்குத்தான். 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். 1,20,000-க்கு ஒரு மாத வட்டி 4,200, ஜிஎஸ்டி 756, மொத்தம் 4,956. நாங்கள் நாள் பார்த்து, லிங்க் வாங்கிச் சேர்த்த 4,510-ஐ அந்த ஒரே மாதம் விழுங்கியிருக்கும்.

வாஷிங் மெஷின்தான் காலை வாரியது. அளவெடுக்காமல் வாங்கியதால் குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கெடு தேதிக்கு முன்பே பணம் திரும்பி வந்தால் அதைக் கட்ட வேண்டிய தொகையில் வங்கி உடனே கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அப்படியே 34,000-உம் கழிந்தது. அதே பில்லில், இரண்டு வரி தள்ளி, 510 ரூபாய் கேஷ்பேக்கும் திரும்பப் பெறப்பட்டிருந்தது.