நண்டுக் கண்ணும் படாக் தூணும்

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் வீட்டை வாரிக்கொண்டு போனது. அந்தமானின் ஹட் பே கரையில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு படாக் மரத் தூண். நான் தச்சன், நல்ல மரத்தை எறிய மனம் வராது. பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்தத் தூண்தான் இன்று ஏழு நரம்பு யாழாக என் மடியில் இருக்கிறது.

தமிழாசிரியையான என் மகள் ஒருநாள் சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையைப் படித்துப் பொருள் சொன்னாள். சோழன் கரிகாலனைப் பாடிய முடத்தாமக் கண்ணியார் தொடக்கத்திலேயே யாழை வர்ணிக்கிறார். மான் குளம்பு பதிந்த தடம் போலப் பத்தர், அதாவது அடிக்குடம். எட்டாம் நாள் பிறை போல அதன் வாய். தலை தூக்கிய பாம்பு போலக் கோடு, அதாவது வளைந்த தண்டு. வளைக்குள் வாழும் நண்டின் கண் போல, துளையை அடைக்கும் ஆணி. “அப்பா, இது பாட்டா, உங்க வேலைக் கணக்கா?” என்று கேட்டாள். எனக்கு அது கணக்காகத்தான் கேட்டது. குளம்புத் தடத்தில் இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும் இருக்கும். ஆகவே பத்தரைப் பானை மாதிரி ஒரே குழியாகக் குடையக் கூடாது.

நண்டுக் கண்ணில் தவறினேன். ஆணித் தலைகளை மரத்தோடு மட்டமாக அடித்தேன். பத்தர் மேல் இழுத்துக் கட்டிய ஆட்டுத் தோல் இரண்டாம் நாளே விலகிவிட்டது. “நண்டுக் கண் உள்ளேயா புதைஞ்சிருக்கு?” என்றாள் மகள். கரையில் போய்ப் பார்த்தேன். உருண்டையாக வெளியே நிற்கிறது. அப்படியே மூங்கில் ஆணி சீவி அடித்த பிறகு தோல் அசையவில்லை. அந்தப் புலவர் யாழ் செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்றே நான் நம்புகிறேன்.

பழைய பாட்டிலிருந்து யாழை மீட்கும் வழியை நமக்குத் திறந்தவர் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் பழைய உரைகளையும் வைத்து, பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று சுரக் கணக்கோடு ஆராய்ந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

யாழை வீணை என்று நினைப்பவர்கள் உண்டு. வீணையில் மெட்டு உண்டு. ஒரே தந்தியில் பல சுரம் எடுக்கலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பண் மாறினால் நரம்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். வீணை ஓங்கி யாழ் மறைந்ததற்கு இதையே முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன்.

ஆனால் யாழின் உறவு சாகவில்லை. 1965-ல் ரங்கூனிலிருந்து வந்த என் அப்பா, பர்மாக்காரர்கள் படகு போன்ற ஒன்றை மடியில் வைத்து மீட்டுவார்கள் என்பார். அது சவுங். அதன் உடலும் படாக் மரம், மேலே மான் தோல். மரபான சவுங்கில் நரம்புகளைக் கழுத்தோடு கட்டும் கயிற்றை நகர்த்திச் சுருதி கூட்டுவார்கள். நம் நூல்கள் திவவு என்று சொல்லும் வார்க்கட்டு எப்படி வேலை செய்திருக்கும் என்பது அதை அறிந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

கிரேக்கர்களின் லைர் என்ற நரம்புக் கருவியையும் இப்படித்தான் இன்று திரும்பச் செய்து வாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாக்கியம்: துருக்கியில் 1883-ல் தெரியவந்த செய்கிலோஸ் கல்லறைத் தூணில் பாட்டின் மேலேயே சுரக்குறி வெட்டியிருக்கிறது. சங்கப் பாட்டுக்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. நமக்கு இருப்பது ஓதுவார்களின் தொண்டை. முல்லைப் பண் இன்றைய மோகனம் என்று அறிஞர்கள் சொல்வதால் நான் மோகனத்தில் தொடங்கினேன். நரம்புக்கு மீன்காரர்களின் தங்கூசி. ஓசை மெல்லியது, பக்கத்துத் திண்ணையைத் தாண்டாது. மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். அடுப்படியில் வைத்துக் காயவைக்கிறேன்.

சென்னையில் தருண் சேகர் என்பவர் யாழ் செய்து வாசிக்கவும் செய்கிறார். இன்னும் பல கைகள் வேண்டும். உங்கள் ஊரில் உளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், பொருநராற்றுப்படையின் தொடக்க அடிகளை அவருக்குப் பொருளோடு வாசித்துக் காட்டுங்கள்.