கிருமி இல்லாத எலும்பழற்சி

பத்து வயதுப் பிள்ளை இரவில் கால் வலிக்கிறது என்று அழுதால், ‘வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று தைலம் தேய்த்துவிடுவோம். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் வலி ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிலைத்து, அங்கே வீக்கமும் வந்து, பிள்ளை நொண்டி நடக்கத் தொடங்கினால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். எலும்பு அரிக்கப்பட்டதுபோலத் தெரிந்தால் மருத்துவர் அஞ்சுவது இரண்டுக்கு: சீழ்த்தொற்று, புற்றுநோய். சிலருக்கு இரண்டுமே இல்லை. எலும்புத் துணுக்கை எடுத்துப் பயாப்சி பார்த்தால் புற்று செல் கிடையாது. கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இருக்காது. ஆனாலும் நுண்ணோக்கியின் கீழே மஜ்ஜையில் அழற்சி தெளிவாகத் தெரிகிறது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தைகள் கதிரியக்க மருத்துவர் கீடியனும் சகாக்களும் 1972-இல் இப்படிப்பட்ட சில பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். இன்று இதை ‘நாள்பட்ட பாக்டீரியா சாரா எலும்பு மஜ்ஜை அழற்சி’ என்கிறார்கள், சுருக்கமாக சி.என்.ஓ. கால்களின் நீண்ட எலும்பு முனைகள், இடுப்பு, முதுகெலும்பு, தாடை, காறை எலும்பு ஆகியவை இது அடிக்கடி வரும் இடங்கள். பெண் பிள்ளைகளிடம் சற்று அதிகம்.

கிருமியே இல்லாதபோது எலும்பை அரிப்பது யார்? பிள்ளையின் சொந்த செல்கள்தான். எலும்பு உயிருள்ள திசு. அதைக் கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. இதில் கரைக்கும் செல்கள், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் இரத்த உறவு. இரண்டும் ஒரே மூதாதைச் செல்லின் வழித்தோன்றல்கள். அழற்சியை மூட்டும் இன்டர்லியூக்கின்-1 போன்ற புரதங்கள் கூடி, அதைத் தணிக்கும் இன்டர்லியூக்கின்-10 குறைந்தால், கரைக்கும் செல்களின் வேகம் கூடிவிடுகிறது. நோய் எதிர்ப்பாற்றலும் எலும்பும் இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதுதான் இந்த நோயில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

அழற்சி எலும்போடு நிற்பதும் இல்லை. எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையைத் தாண்டி, ஒட்டியுள்ள தசைக்கும் பரவலாம். தசையில் நீர் கோத்து வீங்குகிறது. வலிப்பது தசையா எலும்பா என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. தொடையைக் காட்டும், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனையோ பல சமயம் இயல்பாகவோ லேசான மாற்றத்துடனோ வந்து, வீட்டாரை இன்னும் குழப்பிவிடும்.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. பெரிய துணை. கதிர்வீச்சு இல்லாமல், அழற்சியில் கோத்த நீரை எலும்பிலும் தசையிலும் வெண்மையாகக் காட்டிவிடும். முழங்கால் மட்டும் வலிக்கிறது என்று வந்த பிள்ளையை உடல் முழுக்க ஸ்கேன் செய்தால் இடுப்பிலும் முதுகெலும்பிலும் வலியே தராத புண்கள் தெரியக்கூடும். முதுகெலும்புப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு நொறுங்கி அமுங்கலாம். அதனால்தான் வலிக்காத இடத்தையும் தேடிப் பார்க்கிறார்கள்.

காரணம் முழுதாகப் பிடிபடவில்லை என்றாலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. இன்டர்லியூக்கின்-1-ஐத் தடுக்கும் புரதம் பிறவியிலேயே இல்லாத ஓர் அரிய நோய் 2009-இல் அடையாளம் காணப்பட்டது. பிறந்த சில வாரங்களிலேயே எலும்பும் தோலும் அழன்று துன்புறும் அந்தக் குழந்தைகளுக்கு, அதே புரதத்தின் செயற்கை வடிவமான அனகின்ராவை ஊசியாகப் போட்டால் சில நாட்களிலேயே தெளிகிறார்கள். இன்னொரு தடயம் எலிகளிடமிருந்து வந்தது. ஒற்றை மரபணுப் பிழையால் இதேபோன்ற எலும்பழற்சி வரும் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தபோது குடல் பாக்டீரியாக்கள் மாறின, எலும்பும் தப்பியது. 2014-இல் வெளிவந்த முடிவு இது. பிள்ளைகளுக்கு நெய்யை அள்ளி ஊற்றச் சொல்லும் ஆய்வு அல்ல. எங்கோ காலில் இருக்கும் எலும்பின் நலத்தில் குடலுக்கும் பங்குண்டு என்று காட்டுவது.

சிகிச்சையை நாப்ராக்சன் போன்ற வலி, அழற்சி மாத்திரைகளில் தொடங்குவார்கள். பலருக்கு அதுவே கைகொடுக்கும். போதாதபோதும், முதுகெலும்பு பாதித்தபோதும் பாமிட்ரோனேட் தருவார்கள். முதியோரின் எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது, எலும்பைக் கரைக்கும் செல்களையே அடக்கும். டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் உண்டு. நோய் தணிந்தபின் மாதங்கள், ஆண்டுகள் கழித்து வேறோர் எலும்பில் தலைகாட்டலாம் என்பதால், வலி போன பிறகும் பிள்ளையை இடைவெளி விட்டு அழைத்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.