உஷார்! மீன் தொட்டியில் கைப்பிடி உப்பா?

கையை எடுங்கள். முதலில் அந்த உப்பு ஜாடியிலிருந்து கையை எடுங்கள்!

மீன் சோர்ந்து கிடக்கிறது. உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. பதறிப்போய்க் கடைக்குப் போன் போட்டால், "ஒண்ணும் பயப்படாதீங்க, ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போடுங்க, சரியாயிடும்" என்கிறார்கள். உப்புதானே, நாம் தினமும் சாப்பிடுவதுதானே என்று நீங்களும் அள்ளிப் போட்டுவிடுகிறீர்கள்.

அந்தத் 'தானே'வில்தான் ஆபத்து!

நன்னீர் மீனுக்கு உப்பு ஒரு மருந்து. மருந்தை யாராவது கைப்பிடியால் அளப்பார்களா?

ஒரு வீட்டில் நடந்தது

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பெயர் வேண்டாம். இரண்டடி நீளத் தொட்டி. இரண்டு கோல்டு பிஷ், நான்கு மோலி, ஆறு நியான் டெட்ரா, கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கர் பிஷ், பச்சைப்பசேலென்று செடிகள். கொளத்தூருக்குப் போய் புது மீன் வாங்கி வந்தார்கள். கூடவே வெள்ளைப்புள்ளி நோயும் வந்து சேர்ந்தது.

அந்த அம்மா முதல் நாள் இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டார். மூன்றாம் நாளும் புள்ளி மறையவில்லை. "முந்தாநாள் போட்டது தீர்ந்திருக்கும்" என்று மறுபடி இரண்டு கைப்பிடி. மே மாத வெயில். தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் அரை பக்கெட் தண்ணீரில் இன்னொரு கைப்பிடியைக் கரைத்து ஊற்றினார்.

அன்று இரவே சக்கர் பிஷ் கண்ணாடியிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த இரண்டு நாளில் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகப் போயின. செடி கூழாகி அழுகியது. அழுகல் தண்ணீரைக் கெடுத்தது. கடைசியில் கோல்டு பிஷ்ஷும் பக்கவாட்டில் சாய்ந்தது.

மோலி மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது. அதுதான் அவரை ஏமாற்றியது. "மோலி நல்லாத்தானே இருக்கு, அப்போ உப்பால இல்லை" என்று நினைத்துவிட்டார். மோலி, உப்புக் கலந்த கழிமுகத் தண்ணீரிலும் வாழப் பழகிய மீன். அது தாங்கியதை வைத்து டெட்ராவின் உயிரைக் கணக்குப் போடக் கூடாது. மோலியின் சாட்சி செல்லாது!

பிறகு அவருடைய கைப்பிடி உப்பைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 60 கிராம்! ஐந்து கைப்பிடி, 300 கிராம். அந்தத் தொட்டியில் கல், மணல் போக நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 45 லிட்டர். அப்படியென்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 கிராம். டெட்ரா தாங்குமா?

போட்ட உப்பு போகாது!

இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆகாது. பில்டர் அதைப் பிடிக்காது. மீன் அதைத் தின்று தீர்க்காது. தண்ணீர் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

உப்பு வெளியேற ஒரே வழி, தண்ணீரை எடுத்துவிட்டு உப்பில்லாத தண்ணீர் ஊற்றுவது. அதிலும் 25 சதவீதம் வீதம் நான்கு முறை மாற்றினாலும், போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வயிறு கலங்கும்.

இன்னொன்று. மீன்மேல் தெரியும் வெள்ளைப் புள்ளி, தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே உப்பு எட்டாது. அது மீனைவிட்டு விழுந்து, அடியில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் உப்பு அதைப் பிடிக்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மூன்றாம் நாள் புள்ளி இருக்கிறதே என்று உப்பைக் கூட்டாதீர்கள்!

எல்லா உப்பும் ஒரே உப்பு இல்லை!

கல்லுப்பு: எதுவும் சேர்க்காததாக இருந்தால் பயன்படுத்தலாம். கடையில் 'அக்வாரியம் உப்பு' என்று விற்பதும் அடிப்படையில் இதே சோடியம் குளோரைடுதான்.

தூள் உப்பு: இதிலுள்ள துளி அயோடினைக் கண்டு பலரும் பயப்படுகிறார்கள். மருந்து அளவில் போடும்போது அது பெரிய வில்லன் இல்லை. ஆனால் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும், சில பாக்கெட்டுகளில் இரும்புச் சத்தும் இருக்கின்றன. தொட்டிக்கு அவை எதற்கு? தவிர்த்துவிடுங்கள்.

இந்துப்பு: நிறம் பார்த்து மயங்காதீர்கள். இதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மீனுக்குத் தனிப் பலன் ஒன்றும் இல்லை.

கருப்பு உப்பு: அந்த அழுகிய முட்டை வாடை கந்தகத்தால் வருவது. தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பேதி உப்பு: எப்சம் உப்பு என்பது இதுதான். மக்னீசியம் சல்பேட். வயிறு உப்பிய மீனுக்கும் மலச்சிக்கலுக்கும் கொடுப்பார்கள். அளவு வேறு, வேலை வேறு. உதாரணத்துக்கு, தொட்டியில் நைட்ரைட் ஏறி மீன் மூச்சுத் திணறும்போது, கல்லுப்பிலுள்ள குளோரைடு அந்த நஞ்சு செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். பேதி உப்பில் குளோரைடே இல்லை. நம்பிப் போட்டால் மீன் போய்விடும்!

கடல்மீன் தொட்டி உப்பு: தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் ஏற்றிவிடும். சாதாரண நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம்.

சமையல் சோடா: லேபிள் இல்லாத டப்பாவில் உப்பும் சோடாவும் ஒரே மாதிரிதான் தெரியும். சோடா விழுந்தால் பிஎச் ஏறும். அழுக்குத் தொட்டியில் பிஎச் ஏறினால் அம்மோனியாவின் கொடுமையும் கூடும். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்றைக்கே!

அளக்காமல் போடாதீர்கள்

தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். அதில் கல், மணல் இடத்தைக் கழியுங்கள். உப்பைத் தராசில் நிறுங்கள். ஸ்பூனை நம்பாதீர்கள். ஒரே ஸ்பூனில் தூள் உப்பு கூடுதலாகவும் கல்லுப்பு குறைவாகவும் பிடிக்கும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் '5 காலனுக்கு ஒரு டேபிள்ஸ்பூன்' என்றிருக்கும். அமெரிக்க 5 காலன் என்பது ஏறக்குறைய 19 லிட்டர். 5 லிட்டர் என்று படித்துவிட்டால் அளவு நான்கு மடங்காகிவிடும்!

நோய்க்குப் பொதுவாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. முதலில் 1 கிராம். மீன் தாங்குகிறதா என்று பார்த்து, ஓரிரு நாளில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வேறு பாத்திரத்தில் முழுக்கக் கரைத்து ஊற்றுங்கள். கரையாத கல் அடிமட்டத்து மீன்மேல் உட்கார்ந்தால் தோல் வெந்துவிடும்.

டெட்ரா, கோரிடோராஸ், லோச், சக்கர் பிஷ், இறால், நத்தை, செடி இருக்கும் தொட்டியா? உப்பே போடாதீர்கள். நோயுள்ள மீனைத் தனி டப்பில் எடுத்து, காற்றுக் குழாய் போட்டு, அங்கே வைத்தியம் பாருங்கள்.

இவற்றையும் கவனியுங்கள்!

பில்டரில் ஜியோலைட் கல் இருக்கிறதா? உப்புப் பட்டதும், அதுவரை பிடித்து வைத்திருந்த அம்மோனியாவைத் திரும்பக் கக்கிவிடும். முதலில் அதை வெளியே எடுங்கள்.

வீட்டில் போர் தண்ணீரா? அதிலேயே உப்பு இருக்கலாம். டிடிஎஸ் பார்க்காமல் மேலே போடாதீர்கள்.

உப்பு போட்டால் குழாய்த் தண்ணீரின் குளோரின் போய்விடும் என்கிறார்களா? போகாது! அதற்குத் தனி மருந்து உண்டு.

இந்த அறிகுறி தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

செவுள் படபடவென்று அடிப்பது.
மேலே வந்து வாய் பிளப்பது.
திடீரென்று தாறுமாறாக ஓடுவது, எகிறிக் குதிப்பது.
துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது.
உடம்பில் வெண்படலமாகச் சளி.
நிமிர முடியாமல் பக்கவாட்டில் சாய்வது.
நத்தை மூடிக்கொண்டு அடியில் கிடப்பது.
செடி குழைந்து கண்ணாடிபோல ஆவது.

ஒன்று தெரிந்தாலும் உப்பை நிறுத்துங்கள். தொட்டியில் கால் பங்கு தண்ணீரை எடுத்து, அதே சூட்டில் குளோரின் நீக்கிய வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காற்றைக் கூட்டுங்கள். சில மணி நேரம் விட்டு மறுபடி மாற்றுங்கள். பயத்தில் மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடாதீர்கள். உப்பு சட்டென்று இறங்கினாலும் மீனுக்கு அதிர்ச்சிதான்.

'நோய் வராமல் இருக்கட்டும்' என்று வாராவாரம் உப்பு போடும் பழக்கம் இருந்தால், இன்றோடு விடுங்கள். நன்றாக நீந்தும் மீனுக்கு வைத்தியம் எதற்கு?

அந்த வீட்டில் இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. தேதி, போட்ட உப்பு எத்தனை கிராம், மாற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர் என்று மூன்று கட்டம். சமீபத்தில் போனபோது எட்டிப் பார்த்தேன். கிராம் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம். தொட்டியில் புதிதாக வந்த டெட்ராக்கள் செடிக்குள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.