தேக்காவில் ஒரு போனின் ஆயுள்

2024 நவம்பரில் சிங்கப்பூரில் சில போன்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்துப்போயின. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. திரையும் பளிச்சென்று எரிந்தது. அழைப்பு மட்டும் போகவில்லை. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து 3ஜி சேவையை மூடத் தொடங்கியிருந்தன. முதலில் ஜூலை 31 என்று நாள் குறித்து, பிறகு மூன்று மாதம் தள்ளிவைத்து, அதன்பின் மூடினார்கள். அதற்கு முன்பே, 2017 ஏப்ரலில், 2ஜியும் போய்விட்டது. பொத்தான் வைத்த பழைய நோக்கியாக்கள் அப்போதே அலமாரிக்குள் முடங்கிவிட்டன.

3ஜி மூடலில் மாட்டிக்கொண்டவை 3ஜி போன்கள் மட்டும் என்றால் கதை எளிது. 4ஜி என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த போன்களும் மாட்டின. காரணம் இதுதான்: 4ஜி முதலில் இணையத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. தொடக்ககால 4ஜி போன்கள் இணையத்தை 4ஜியில் ஓட்டும், யாராவது அழைத்தால் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பும். 4ஜியிலேயே பேச வோல்ட்டி என்ற வசதி வேண்டும். அது இல்லாத போனிலோ, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரித்து இங்கே அந்த வசதி திறக்கப்படாத போனிலோ, வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. அவசரத்துக்கு 995 அழைக்க முயலும்வரை சிலருக்கு இது தெரியாமலே இருந்திருக்கும். அதனால்தான் வோல்ட்டி இல்லாத போன்களைக் கடைகளில் விற்பதை அதிகாரிகள் 2024 பிப்ரவரியிலிருந்தே தடுத்தார்கள்.

போனை எப்போது மாற்றுவது என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. போன் சாகும் நாளை அதன் சொந்தக்காரர் தீர்மானிப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரிகிற கீறலும் விரிசலும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் நாம் அவற்றைப் பார்த்துத்தான் கடைக்கு ஓடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்தால் இந்த ஓட்டத்தைப் பார்க்கலாம். வாரம் முழுதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் இருந்தவர்கள் தேக்காவுக்கு வரும் நாள் அது. ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டுவது, சாப்பிடுவது, கூடவே போனையும் பார்த்துவிடுவது. ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் இருக்கும் கடை மேசைகளில் கண்ணாடி ஒட்டுவார்கள், சார்ஜிங் பின் மாற்றுவார்கள், திரை மாற்றுவார்கள், சிம்மும் விற்பார்கள். “அண்ணே, இத சரி பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிரலாமா?” என்ற கேள்வி அங்கே ஓயாது. கேட்கப்படுகிறவர் பழுதும் பார்க்கிறார், போனும் விற்கிறார். நல்ல மனிதராகவே இருந்தாலும் அவர் பதிலில் கடை வாடகையும் கொஞ்சம் கலந்திருக்கும். எனவே அங்கே போகும் முன்பே பாதி பதிலை நாம் கையில் வைத்திருப்பது நல்லது.

பெரும்பாலான புகார்கள் பேட்டரியில் தொடங்குகின்றன. காலையில் நூறு, மத்தியானம் இருபது. பலருக்கு அதுவே புதுப் போனுக்கான அறிகுறி. இது மிகவும் செலவு வைக்கும் தவறு. லித்தியம் அயன் பேட்டரி தேய்வதற்கென்றே பிறந்தது. முழுதாக ஏறி இறங்குவதை ஒரு சுற்று என்று எடுத்துக்கொண்டால், சுமார் 500 சுற்றுக்குப் பிறகு புதிதில் இருந்த கொள்ளளவில் 80 விழுக்காடு மிஞ்சும் என்றுதான் ஆப்பிள் நெடுங்காலம் கணக்குச் சொன்னது. ஐபோன் 15 முதல் அந்தக் கணக்கு 1,000 சுற்றாக ஏறியிருக்கிறது. தினமும் ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை ஆண்டைக்கூட எட்டாது.

நம் ஊர் வெயில் அந்தத் தேய்மானத்துக்கு வட்டி போடுகிறது. இந்த வகை பேட்டரிக்குச் சூடு ஆகாது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்துங்கள் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. சிங்கப்பூர் நிழலிலேயே 32, 33 டிகிரி வரும். மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவரின் சட்டைப் பையிலும், லாரியின் முகப்புக் கண்ணாடிக்குக் கீழேயும் எவ்வளவு வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். இரவில் விடுதிக் கட்டிலில் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டு உறங்குவதும் அதே சூட்டைத்தான் தருகிறது. குளிர்சாதன அலுவலகத்தில் இருக்கும் போனும் தளத்தில் இருக்கும் போனும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் வயது ஒன்றல்ல.

தேய்ந்த பேட்டரி போனை மெதுவாக்கவும் செய்யும். 2017 டிசம்பரில் ஆப்பிள் இதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாகச் சொல்லி, வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக இறக்கியது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கிய எத்தனையோ பேருக்கு ஒரு பேட்டரியே போதுமாக இருந்திருக்கிறது. ஆகவே பேட்டரிக்காகப் போனை மாற்றாதீர்கள், பேட்டரியை மாற்றுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பின்பக்கம் உப்பி, திரை மேலே எழும்பி நின்றால் அது உள்ளே வாயு சேர்ந்த பேட்டரி. அதைச் சார்ஜ் போடவும் கூடாது, நாமே அமுக்கிச் சரிசெய்யவும் கூடாது. நேரே பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதுதான்.

இடம் நிரம்பிவிட்டது என்று போன் மாற்றுகிறவர்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. குடும்பக் குழுவில் ஐந்தாண்டாக வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும் காணொளிகளையும் அழித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

அப்படியானால் உண்மையான காலாவதி எது? பாதுகாப்பு மென்பொருள் புதுப்பிப்பு நிற்கும் நாள். அது பெட்டியில் அச்சடிக்கப்படுவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. மலிவு ஆண்ட்ராய்டு போன்கள் நெடுங்காலம் இரண்டு மூன்று ஆண்டுகளோடு கைவிடப்பட்டன. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24க்கும் ஏழாண்டு வாக்குறுதி கொடுத்தன. விலை குறைந்த சாம்சங் ஏ16க்கே ஆறாண்டு என்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் குறைந்தது ஐந்தாண்டு புதுப்பிப்பைச் சட்டமாக்கியது. பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

புதுப்பிப்பு நின்ற போன் அன்றே அணைந்துவிடாது. அதுதான் ஆபத்து. 2023இல் சிங்கப்பூரில் ஆண்ட்ராய்டு போன்களைக் குறிவைத்து ஒரு மோசடி அலை அடித்தது. மலிவு மளிகை, வீட்டுச் சுத்தம் என்று விளம்பரம் போட்டு, அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதன் வழியே வங்கிக் கணக்கைத் துடைத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஓசிபிசியும் அடுத்தடுத்து மற்ற வங்கிகளும் சந்தேகச் செயலிகள் இருக்கும் போனில் தங்கள் செயலி திறக்காதபடி செய்தன. பழைய போன் வைத்திருந்ததால்தான் எல்லாரும் ஏமாந்தார்கள் என்று சொல்லமாட்டேன், புதுப் போனிலும் ஏமாந்தார்கள். ஆனால் ஓட்டை அடைக்கப்படாத வீட்டுக்குள் திருடன் நுழைவது எளிது. ஒரு கட்டத்தில் செயலிகளே கைவிரித்துவிடும். 2025 மே மாதத்தில் ஐபோன் 6ஐ வாட்ஸ்அப் கைவிட்டது. 2014இல் வந்த போன், பத்தாண்டுக்கு மேல் தாங்கியதே பெரிது.

தேக்காவுக்கு வரும் தொழிலாளிக்குப் போன் ஆடம்பரம் என்று இன்னும் நினைப்பவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள். கோவிட் பரவலால் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தபோது, உடல் வெப்பத்தைப் பதிய ஒரு செயலி, வேலைக்குப் போகலாமா என்று பச்சை சிவப்பில் சொல்ல எஸ்ஜி ஒர்க்பாஸ், யாரோடு இருந்தோம் என்பதற்கு டிரேஸ்டுகெதர். போன் ஒத்துழைக்காவிட்டால் வாசலைத் தாண்ட முடியாது. இன்று சம்பளம் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் போனில்தான். 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்துவிட்டன.

இதனால்தான் போன் முழுதாகச் சாகும்வரை காத்திருப்பது சிக்கனம் ஆகாது. பழையது உயிரோடு இருக்கும்போது மாற்றினால், வங்கியின் மின்னிலக்க டோக்கன், சிங்பாஸ், வாட்ஸ்அப் உரையாடல், ஊரில் எடுத்த படங்கள் எல்லாம் ஓர் இரவில் புதியதற்கு வந்துவிடும். செத்தபின் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். வாரத்தில் ஒரே நாள் விடுப்பு உள்ளவருக்கு அந்த அலைச்சலின் விலை பேட்டரி விலையைவிடப் பெரியது.

விலைக் கணக்கையும் வேறு மாதிரி போட வேண்டும். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் போனை மாற்றுவது இங்கே ஒரு சடங்காகவே இருந்தது. சிம் மட்டும் வாங்கும் திட்டங்கள் வந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. முந்நூறு வெள்ளிக்கு ஆறாண்டு புதுப்பிப்பு உள்ள எளிய புதுப் போனும், அதே முந்நூறு வெள்ளிக்கு ஓராண்டே மிச்சமுள்ள பெரிய பெயர் கொண்ட பழைய போனும் எதிரெதிரே இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னது ஆண்டுக்கு ஐம்பது வெள்ளி, பின்னது ஆண்டுக்கு முந்நூறு. பழைய போன் வாங்குவதில் தவறில்லை. எந்த ஆண்டு வெளிவந்த மாடல் என்று கேட்காமல் வாங்குவதுதான் தவறு. பழுதான பொருள் கைக்கு வந்தால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, நுகர்வோரைக் காக்கும் சட்டம் பழைய பொருளுக்கும் ஓரளவு துணை நிற்கும். ரசீது இல்லாதவருக்கு அந்தச் சட்டத்தால் பெரிய பயன் இல்லை.

கழித்த போன் எங்கே போகிறது? சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை முதல் பெரிய மின்பொருள் கடைகள் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளன, அக்கம்பக்கங்களில் மின்கழிவுத் தொட்டிகளும் உண்டு. தேக்காவின் பழைய போன்களில் பல அந்தத் தொட்டிகளுக்குப் போவதில்லை. துணிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே பெட்டியில் படுத்து ஊருக்குப் போகின்றன. அம்மாவுக்கு ஒன்று, தங்கை மகனுக்கு ஒன்று. அன்பில் குறையில்லை. ஆனால் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று நாம் கழற்றிப் போட்ட போனில்தான் அங்கே அம்மா ஜிபே போட்டு, நாம் அனுப்பும் பணத்தை எடுக்கிறார். அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முதலில் அந்த மாடலுக்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். வரவில்லை என்றால் முழுதாக ரீசெட் செய்து, பாட்டுக்கும் படத்துக்கும் காணொளி அழைப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். வங்கிச் செயலி அதில் வேண்டாம்.